காலுக்குப் பங்கு

நவம்பர் 7, வெள்ளி

மத்தியானத்திலிருந்து தூறல். குதிரைக்குக் குளம்பு சுத்தம் செய்தேன். வலது முன்காலில் சின்னக் கல். நல்லவேளை, இன்றைக்கே பார்த்தது.

எழுத்து எனக்குத் தெரியாது. பேசினால் இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. கேட்டால் திருப்பிப் படித்தும் காட்டுகிறது. பெண்பிள்ளைக் குரல். பேச்சுத் துணை.

சாயங்காலம் தங்கச்சி பிலோமி வீட்டுக்கு. அவள் புருஷன் சவரி அதே நாற்காலி, அதே ஜன்னல். இனிப்பு நீர் நோய் வந்து இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்ததிலிருந்து வாசல் தாண்டவில்லை. பொய்க்கால் அளவெடுத்துக் கொடுத்து, ஆஸ்பத்திரியில் நடக்கவும் பழக்கிவிட்டார்கள். அலமாரியில் கிடக்கிறது. பிளாஸ்டிக் உறைக்குள். பிலோமி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

நாளைக்குப் பன்றி வேட்டை என்றேன். தோட்டத்தில் எண்ணெய்க்குப் புதிதாக நட்ட செம்பனைக் கன்றில் பன்றி குருத்து ஒன்று மிச்சம் வைக்கவில்லை.

"அதுக்கு எங்கிட்ட ஏன் வந்த?"

"நீயும் வா, மச்சான்."

"தூக்கிட்டுப் போறியா?"

"குதிரை தூக்கிக்கும்."

முழங்காலைத் தட்டிக் காட்டினான். "பொய்க்கால் குதிரை ஆட்டந்தான் பாத்திருக்காங்க. கால் இல்லாதவன் நெசக் குதிரையில போறதையும் பாக்கட்டும்லா."

சரி என்று அர்த்தம். அவனை எனக்குத் தெரியாதா.

நாளைக்கு: கயிறு, மழைச்சட்டை இரண்டு, பிஸ்கட், அவன் மாத்திரை (பிலோமியிடம் கேட்க).

நவம்பர் 8, சனி

விடியும்போதே கொட்டியது. தோட்டத்து வாய்க்காலெல்லாம் கரை தெரியவில்லை.

ஏலுமலையின் லோரியில் ஆட்களும் நாய்களும். வேட்டைக்கு இப்போது அவன்தான் தலை. துப்பாக்கி லைசென்ஸும் அவன் பேரில். முன்னே தலையாக இருந்தது சவரி. குதிரை மேல் அவனைக் கண்டதும் முதலில் குரல் கொடுத்தவை நாய்கள். எல்லாம் அவன் வளர்த்ததின் குட்டிகள். மனிதர்கள் வாய் திறக்கத்தான் நேரமாயிற்று.

"என்னண்ணே, தொர மாதிரி வர்றீங்க?" ஏலுமலை.

"தொரைக்கு ரெண்டு காலு இருந்துச்சுடா."

குதிரை பேர் மல்லிகா. கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றியது. வைத்திருந்த ஆள் தொழிலை விட்டபோது வாங்கினேன். நல்ல பிள்ளை, ஒரு குணத்தைத் தவிர. கொஞ்ச தூரம் போனால் நிற்கும், தானே திரும்பிவிடும். ஒரு சவாரிக்கு அவ்வளவுதான் என்று அதற்குப் பழக்கம். இன்றைக்கும் அதே கதை. நாய்கள் பன்றியை விரட்டிக்கொண்டு முன்னே ஓட, மல்லிகா திரும்பிப் பின்னே நடந்தது. மேலே சவரி கழுத்தை முறுக்கிக்கொண்டு.

"மச்சான், பன்னி காட்டுக்கு ஓடுது. நான் டவுனுக்கு ஓடுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கயிற்றை இழுத்துத் திருப்பினேன். மறுபடி திரும்பியது. மறுபடி இழுத்தேன். சேற்றில் என் செருப்பு போனது.

பிறகு மழை வலுத்தது. பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்கவில்லை. வாசனை கரைந்துபோய் நாய்கள் ஆளுக்கொரு பக்கம் முழித்தன. தரையில் நின்ற எங்களுக்குக் காட்டுச்செடி கழுத்து வரைக்கும். குதிரை மேலே இருந்தவனுக்குத்தான் பன்றி தெரிந்திருக்கிறது. இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தான். காலை எடுத்த பிறகு இப்போதுதான் அந்த விசிலைக் கேட்கிறேன். நாய்கள் எல்லாம் ஓடிவந்து குதிரைக்குக் கீழே நின்றன.

"வெட்டுன ஓலை அடுக்கு. அதுக்குப் பின்னால."

ஏலுமலை ஒரே வெடி. பெரிய ஆண் பன்றி.

சவரியின் சிலுவாரில், இல்லாத காலுக்கு மடித்துக் குத்தியிருந்த குழாய் அவிழ்ந்து, கூரைத் தண்ணீர்போலக் கொட்டியது. அவனே பிழிந்துவிட்டுக்கொண்டு சிரித்தான். எத்தனை மாதமாயிற்று அந்தப் பல்லைப் பார்த்து.

லோரி கான்வாஸுக்குக் கீழே பங்கு. எங்கள் வேட்டையில் ஒரே சட்டம். காட்டுக்குள் நடந்த காலுக்குப் பங்கு. நாய்க்கு அரை. வண்டியைவிட்டு இறங்காதவனுக்குக் கிடையாது. சவரி போட்டது, கறாராக நடத்தியது. முன்னே ஒருநாள் ஏலுமலை காய்ச்சலோடு வந்து லோரியைவிட்டு இறங்கவில்லை. சவரி வெறுங்கையோடு அனுப்பினான். அன்றைக்கு ஏலுமலை போட்டிருந்தது ஊதாச் சட்டை. மேல் பித்தான் இல்லை.

இன்றைக்குக் கத்தி ஏலுமலை கையில். எனக்கு ஒரு பங்கு. குதிரைக்கு அரை. சவரிக்கு இல்லை.

"டேய், அவன் விசில் அடிக்கலேன்னா பன்னி ஏது?"

"விசிலுக்குப் பங்குன்னு யாரு மாமா சொன்னா? காலுக்குத்தான். அண்ணன் போட்ட சட்டம்."

சவரி ஏலுமலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பய ஒழுங்காத்தான் பங்கு போடுறான்," என்றான். "திருப்பு மச்சான். மல்லிகாவுக்கு எப்பவோ வீட்டு நெனப்பு வந்துருச்சு."

வழியெல்லாம் ஏலுமலையைத் திட்டிக்கொண்டே வந்தேன். சவரி மல்லிகாவின் பிடரியில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். தொடை இரண்டும் கல். கோயிலில் முட்டி போட முடியவில்லை, மாதா மன்னிப்பாள்.

என் பங்குக் கறியை மிளகு போட்டுப் பிரட்டிச் சவரிக்குக் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து மோந்தான். மூடிவிட்டான்.

"வாசம் நல்லாருக்கு. பிலோமிக்குக் குடு."

"ஒனக்கு?"

"நான் நடக்கலியே."

பிலோமி என்னைப் பார்த்த பார்வை. கூட்டிக்கொண்டு போனவன் நான்தானே.

நேராக ஏலுமலை வீடு. சண்டைக்கு. லோரி கழுவிக்கொண்டிருந்தான். சொல்லவேண்டியதெல்லாம் சொன்னேன். குழாயை மூடிவிட்டுக் கேட்டான்: "நான் குடுத்திருந்தா அவரு வாங்கியிருப்பாரா, மாமா?"

உள்ளே கூப்பிட்டான், போனேன்.

டீக்குப் பால் எடுக்க ஐஸ்பெட்டியைத் திறந்தான். மேல்தட்டில் ஒரு பங்கு, தனியே கட்டி.

"யாருக்குடா?"

"நடக்குறவங்களுக்கு."

டீயில் சீனி அதிகம். குடித்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மல்லிகாவுக்கு வயிறு சரியில்லை. சனிக்கிழமை நனைந்தது. இஞ்சி இடித்துக் கொடுத்தேன், துப்பிவிட்டது.

பிலோமி போன். "அண்ணே, அந்த உறையப் பிரிக்கச் சொல்றாரு. கத்திரிக்கோல் கையில இருக்கு, நீ வா."

நான் போவதற்குள் மாட்டி, வலிக்கிறது என்று கழற்றி, ஆஸ்பத்திரியைத் திட்டி, திரும்ப மாட்டியிருந்தான். என்னைக் கண்டதும் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டான். நானும் பார்க்காததுபோல மழையைப் பற்றிப் பேசினேன்.

நவம்பர் 15, சனி

தூறல். குதிரையைக் கொண்டுவா என்றான்.

"ஏறப் போறியா?"

"ஏறல. புடிச்சுக்க."

பிடரிமயிரைக் கொத்தாகப் பிடித்தான். நடந்தான். நல்ல காலைத் தரையில் வைத்தான். மற்றதை, தரையிடம் கேட்டுக்கொண்டு வைத்தான். மேலே சின்னப் பிள்ளை உட்கார்ந்திருப்பதுபோல மல்லிகா மெதுவாக நடந்தது. வாசல். கோழிக்கூண்டு. ரம்புத்தான் மரம். ரோடு. திரும்பிப் பார்த்தேன். பிலோமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

தோட்டத்துக் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மல்லிகா நின்றது. திரும்பியது.

"போதும்னு அதுவே சொல்லுது, மச்சான். வா."

அவனுக்கு முகமெல்லாம் வேர்வை.

"அது புள்ளைங்களுக்கு வச்ச கணக்கு," என்றான்.

பிடரியை விட்டான். என் தோளைத் தேடவில்லை. செம்பனைப் பக்கம் ஓரடி. நின்றான். இன்னோர் அடி. குதிரை வீட்டுப் பக்கம் இழுக்கிறது, கயிறு என் கையில், அவன் போய்க்கொண்டே இருக்கிறான்.

கயிற்றை விட்டுவிட்டேன். மல்லிகாவுக்கு வழி தெரியும்.