அல்சர் என்று நான் சொல்லமாட்டேன்

காசிமேடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தீனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை, காய்ச்சலில் கிடந்தாலும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வாய். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால் பஹ்ரைனுக்குத் திரும்பும் மஜீதிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அப்பாவின் போட் இன்ஜின் வேலை முடியாமல் கரையில்தான் நிற்கிறது, மனுஷன் வீட்டில் உட்கார்ந்து என் உயிரை வாங்குகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்குப் பேசியிருக்கிற ரேகாவின் தாய்மாமன் கருணாகரன் தன் கையால் வைக்கும் வஞ்சிரத் தலையை மாப்பிள்ளை மிச்சம் வைத்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தமாம், அது அவர்கள் வீட்டு வழக்கம். அதற்காக நீ லீவில் வந்தபோது அவர்கள் வீட்டு விருந்தில் ரோஷத்தோடு முழுத் தலையையும் தின்றுவிட்டுப் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தாய். யாரோ பார்த்துவிட்டார்கள். நீ விமானம் ஏறியதிலிருந்து இங்கே அதே பேச்சுதான். மீன் ஏலம் விடுகிற இடத்தில் என்னோடு விற்கிற சில்வியா வந்து, "இன்னாக்கா, தீனாவுக்கு வயித்துல கட்டி கீதாமே" என்று கேட்கிறாள். இன்னொருத்தி குடிதான் காரணம் என்றாளாம். அல்சர் என்று சொல்லிவிடும்மா, கல்யாணம் முடியட்டும் என்று நீ போனில் சொன்னாய். நான் எதற்குடா அல்சர் என்று சொல்ல வேண்டும்?

வியாழக்கிழமை கருணாகரன் நாலு பேரோடு வீட்டுக்கு வந்தார். நான் மீன் விற்கிறவள், வாங்குகிறவர் கேட்கும் முன்னே செவுளைத் தூக்கிக் காட்டித்தான் எனக்குப் பழக்கம். பதினேழு வயதில் என் பிள்ளை நூற்று நாற்பது கிலோ இருந்தான், படுத்தால் மூச்சு அடைக்கும், சர்க்கரையும் வந்துவிட்டது, டாக்டர் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கினார், அதனால்தான் இன்றைக்குக் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆயுசுக்கும் மாத்திரை உண்டு, ஊசி உண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்பான், மீறினால் வாந்திதான் என்றும் சொன்னேன். அவர், "கத்தி வச்சி எளச்சவனுக்கா எங்க வூட்டுப் பொண்ணு" என்றார். எனக்கு வந்ததே கோபம். கத்தி வைத்தது ஒரு நாள், மிச்ச வருஷமெல்லாம் அவன் பட்ட பாடு, பிரியாணிப் பந்தியில் மூன்று வாயோடு எழுந்து வருவது எப்படி இருக்கும் என்று உமக்குத் தெரியுமா, நீர் வைத்த மீன் தலையைத் தின்றதுதான் அவன் செய்த முட்டாள்தனம் என்றேன். அப்பா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார், நான் அடங்கவில்லை. திரும்பவும் கொஞ்சம் சதை போட்டிருக்கிறதே என்று ஒருத்தர் கேட்டார், ஆமாம், போடும், உடம்புதானே என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

மறுநாள் நான் மீன் விற்கிற இடத்துக்கே ரேகா வந்துவிட்டாள். ஆபரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மாமாவ நான் பாத்துக்கறேன் அத்தே. தெனம் போன்ல பேசிக்கினுதான கீறோம், இத்த ஏன் அவரு எங்கிட்ட சொல்லல" என்றாள். அத்தனை பேர் வாயை அடைத்த நான், அதை அவன் வாயாலேயே கேளம்மா என்றேன். நீ எதற்கு வெட்கப்பட்டாய் தீனா, நீ யார் வீட்டில் திருடினாய்?

மாத்திரையை விடாதே, சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதே, அம்மன் உன்னை நூறு வயசு வரை வைத்துக் காப்பாற்றட்டும். உன் பதில் வரும்வரை தன் வீட்டில் எதற்கும் சரி என்று சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் அந்தப் பெண். ஊருக்குச் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதை நீ சொல்.

இப்படிக்கு,
வெட்கமில்லாத உன் அம்மா
கோவிந்தம்மா