நம்பர் தாளின் பின்பக்கம்

பாய்,

இன்று காலை இஸ்திரி வண்டியில் விரித்திருக்கும் கம்பளியை எடுத்து உதறினேன். அடியில் நான் வைத்திருந்த, ஓட்டத்தில் நீ நெஞ்சில் குத்தியிருந்த நம்பர் தாளிலிருந்து தைல வாசனை வந்தது. ஓடுவதற்கு முன்னால் முழங்காலில் பரபரவென்று தேய்த்துக்கொள்வாயே, அதே பச்சைத் தைலம். பெட்டியின் சூடு பட்டுப் பட்டு, இரண்டு வருடமாக அந்த வாசனை தாளை விட்டுப் போகவே இல்லை. இந்தத் தெருவில் பாதிப் பேர் உன் முழங்கால் வாசனையோடுதான் ஆபீஸ் போகிறார்கள் என்று நினைக்கிறேன். யாரும் இதுவரை ஏன் என்று கேட்கவில்லை.

இதை நானே எழுதுகிறேன். யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. ஒரு நாளைக்கு நாலு வரி, ஐந்து வரி. பெட்டியில் கரி பிடிக்கும் வரைக்கும் எழுதுவேன், மதியம் துணி வராத நேரத்தில் எழுதுவேன். 'ர' போடுவதா 'ற' போடுவதா என்று நின்றுவிட்டால் அந்த ஒரு வரிக்கே அரை மணி ஆகிவிடும். ஆனால் எழுத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு ஆள் எதிரில் வந்து நிற்கிறான் பாய். இப்படி ஒரு வேலை உலகத்தில் நடந்துகொண்டிருந்தது எழுபது வயது வரைக்கும் எனக்குத் தெரியாமல் போயிற்றே.

தாளின் பின்பக்கத்தைப் படித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

உன்னை நான் ஏன் பாய் என்று கூப்பிட ஆரம்பித்தேன், ஞாபகம் இருக்கிறதா? நம் பெசன்ட் நகர் சந்தில் நீ குடிவந்த புதிது. உன் ஆஸ்பத்திரி நர்சம்மா ஒருவர் என் வண்டியில்தான் புடவை போடுவார். உன்னைப் பார்க்கும்போதெல்லாம், என்ன பாய், டூட்டி முடிந்ததா என்பார். தெருமுனையில் மிஷின் போட்டுக் கிழிசல் தைக்கும் தையல்கார பாயைப் போல நீயும் முஸ்லிம் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அந்த நோன்பு மாதம் முழுக்க, நீ வருவது தெரிந்தாலே டீ கிளாசை வண்டிக்கு அடியில் வைத்துவிடுவேன். பட்டினி கிடக்கிறவன் முன்னால் குடிக்கலாமா? நான் ஏதோ கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்து நீயும் பல நாள் பேசாமல் போனாய். கடைசியில் ஒரு நாள் வந்து நின்று கேட்டாய்.

"இன்னா நைனா, ஒரு மாசமா என்னப் பாத்தா டீய ஒளிச்சிக்கினே கீற? ஒரு வாய் கேட்டுடுவேன்னு பயமா?"

விஷயத்தைச் சொன்னதும் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நீ சாந்தோமில் பிறந்தவன், வேளாங்கண்ணி மாதா கோயில் ஆள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத்தான் அந்த வெள்ளைச் சட்டையை என்னிடம் போடுகிறாய். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வார்டுபாய் வேலை; அதைத்தான் நர்சம்மா சுருக்கிக் கூப்பிடுகிறார். இங்கிலீஷில் பாய் என்றால் பையன் என்றும், ரிட்டயர் ஆகும்வரை நீ பையன்தான் என்றும் சொன்னாய். எனக்கு நாக்கில் ஒட்டிவிட்டது. அதன் பிறகும் நீ பாய்தான்.

ரிட்டயர் ஆன பிறகு ஒரு நாள் அரை டவுசர் ஒன்றைக் கொண்டுவந்து இஸ்திரி போடச் சொன்னாய். மாரத்தான் ஓடப் போகிறேன் என்றாய். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அந்த வார்த்தையை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். யாரைப் பிடிக்க ஓடுகிறாய் என்று கேட்டேன். யாரையும் பிடிக்க இல்லை, யாரும் துரத்தவும் இல்லை என்றாய். அப்படியென்றால் எதற்கு என்று நான் விடவில்லை. பிறகுதான் வார்டைப் பற்றிச் சொன்னாய். அங்கே குழந்தைக்குக் கட்டில் உண்டு, கூட இருக்கும் அம்மாவுக்கு இல்லை. வீட்டிலிருந்து கோரைப்பாயைச் சுருட்டி எடுத்துவந்து கட்டிலுக்கு அடியில் படுப்பாள். முப்பது வருடம் அந்தப் பாய்களைத் தாண்டித் தாண்டித்தான் நீ வேலை செய்திருக்கிறாய். மழைக்காலத்தில் தரை ஈரம் பாயில் ஏறுமாம். நீ ஓடினால் தெரிந்தவர்கள் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பார்கள், அதில் அம்மாக்களுக்கு மடக்குக் கட்டில் வாங்கலாம் என்று ஒரு டாக்டர் சொன்னாராம்.

எல்லாம் சரி, ஓடுகிற டவுசருக்கு எதற்கு இஸ்திரி என்றேன்.

"கொழந்தைங்களுக்காவ ஓடுறேன் நைனா. கசங்கிப்போயி ஓடக் கூடாது."

அன்றிலிருந்து பத்து மாதம். நீ ஓட, நான் பக்கத்தில் சைக்கிளில் வந்தேன். தண்ணீர், வாழைப்பழம், காகிதத்தில் மடித்த உப்பு எல்லாம் என் பொறுப்பு. மாதா கோயிலுக்கு எதிரில் கிளம்பி அடையாறு பாலம், சாந்தோம், மயிலாப்பூர் குளத்தைச் சுற்றித் திரும்புவோம். சாந்தோம் கோயில் வந்தால் நிற்காமலே சிலுவை போட்டுக்கொள்வாய். ஆரம்பத்தில் நீ ஓடிய வேகத்துக்கு சைக்கிளை ஓட்டினால் நான் சாய்ந்து விழுந்துவிடுவேன் போலிருந்தது. ஓடுகிறவன் நீ, ஆனால் பாலத்தில் ஏறும்போது, மூச்சு கீதா நைனா என்று என்னைத்தான் கேட்பாய்.

இந்த வயதில் எப்படி முடிகிறது என்று கேட்டபோது டிராலிக் கதையைச் சொன்னாய். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் குழந்தை பயந்து அழுமாம். நீ டிராலியை பஸ் போல உறுமிக்கொண்டு தள்ளிக்கொண்டு ஓடுவாயாம். வளைவில் ஹாரன் அடிப்பாயாம். ஆபரேஷன் அறைக் கதவு வந்ததும் கண்டக்டர் போல, மயிலாப்பூர் டேங்கெல்லாம் எறங்கு என்பாயாம். நிஜ மயிலாப்பூர் குளத்துக்கு வந்து சேரும்போதும் நீ அதையே மெதுவாகச் சொல்லிக்கொள்வாய். அப்போது உன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்த நேரம் எந்தக் குழந்தை நினைவுக்கு வருகிறது என்று கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன். கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

ஓட்டத்துக்கு முந்தின நாள் நம்பர் தாளைக் கொடுத்தார்கள். நெஞ்சில் குத்திக்கொள்ள நாலு ஊக்கும் கொடுத்தார்கள். பின்பக்கத்தில் ஏதோ எழுத வேண்டுமாம். நீ என் வண்டிப் பலகையில் வைத்து, பரீட்சை எழுதும் பிள்ளை போல இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாய். என்ன எழுதுகிறாய் என்றேன். உனக்கு எதுக்கு என்றாய். படிக்கவே தெரியாத என்னிடம் எதற்கு மறைத்தாய்? அன்றைக்குப் பிடித்த அரிப்பு பாய், இது.

மறுநாள் சைக்கிளை விட மாட்டேன் என்று போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். பத்து மாதத்தில் அன்றுதான் நீ தனியாக ஓடினாய். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, நெஞ்சில் இருந்த தாளை இரண்டு முறை தட்டிக் காட்டினாய். தாள் பத்திரமாக இருக்கிறது என்று சொல்கிறாய் என நினைத்து நானும் தலையாட்டினேன். பிறகு முடிகிற இடத்தில் போய்க் காத்திருந்தேன். வெயில் ஏறியது. பந்தலைப் பிரித்தார்கள். காற்றடைத்த வளைவில் காற்றை இறக்கிவிட்டார்கள். அது பெரிய பலூன் மாதிரி ரோட்டில் படுத்துக் கிடந்தது. எல்லாருக்கும் கடைசியாக நீ நொண்டிக்கொண்டு வந்தாய். வளைவுக்கு அடியில் போக வழியில்லை என்று பார்த்து, அதைத் தாண்டிக் குதித்தாய். பந்தல்காரர்கள் கைதட்டினார்கள். உட்கார்ந்ததும் நாலு ஊக்கையும் கழற்றித் தாளை என்னிடம் கொடுத்தாய்.

"நீயே வச்சிக்கோ. பின்னாடி இன்னா கீதுன்னு தெரியணும்னா எழுத்து கத்துக்கினு படி. வேற யார்கிட்டயும் காட்டாத."

நான் காட்டவில்லை. ஆடி மாதம் நீ தூக்கத்திலேயே போனாய், உன் அக்கா மகள் வீட்டில். எனக்கு யாரும் சொல்லவில்லை. உன் வெள்ளைச் சட்டை இரண்டு நாள் மடித்தபடியே வண்டியில் இருந்தது. மூன்றாம் நாள் தையல்கார பாய் வந்துதான் சொன்னார். அதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. எனக்கு உன் மேல்கூடக் கோபம் வந்தது. பத்து மாதம் பக்கத்திலேயே வந்தவனுக்கு ஒரு வார்த்தை இல்லையா என்று இருந்தது. சட்டையை அக்கா மகளிடம் கொடுத்துவிட்டேன். மீதி இருந்தது அந்தத் தாள்தான்.

மழை விட்டதும் கார்ப்பரேஷன் பள்ளியில் சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். பன்னிரண்டு பெண்கள், நடுவில் நான் ஒருவன். நாற்பத்தைந்து வருடம் இஸ்திரி போட்டும் எனக்கு எழுத்து தேவைப்படவில்லை, சட்டையைப் பார்த்தாலே எந்த வீடு என்று தெரிந்துவிடும் என்று பெருமையாகச் சொன்னேன். மீன் விற்கும் அஞ்சலை, "மீனுன்னு எழுதத் தெரியாம இத்தினி நாளா எப்டி பெருசு மீனத் துன்ன?" என்றாள். வகுப்பே சிரித்தது. முதல் பாடத்திலேயே இரண்டெழுத்து வார்த்தை ஒன்று வந்தது. பக்கத்தில் ஒரு கோரைப்பாய் படம். பா, ய், பாய். உன்னைக் கூப்பிடுவதுபோல உரக்கப் படித்தேன். இன்னொரு பாடத்தில் 'புலி பாய்ந்தது' என்று வந்தது. குதிப்பதற்கும் அதே எழுத்தா என்று டீச்சரைக் கேட்டேன். வளைவைத் தாண்டி நீ குதித்தது ஞாபகம் வந்துவிட்டது.

எல்லா எழுத்தும் கைக்கு வரட்டும் என்று ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தேன். பிறகு ஒரு காலையில் தாளை எடுத்துக்கொண்டு சைக்கிளில் பாலத்துக்குப் போனேன். பாலம் தாண்டி நாம் தினமும் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிடுவோமே, அந்த மதில். அங்கே வைத்துப் படிக்க வேண்டும் என்று ஆசை. சாய்ந்து உட்காரும் முன் மதிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்.' உனக்குப் படிக்கத் தெரியும். பத்து மாதத்தில் ஒரு நாள்கூட நீ சொல்லவில்லை. நான் தனியாக நின்று சிரித்ததை ஒரு போலீஸ் ஜீப் மெதுவாகப் பார்த்துக்கொண்டு போனது.

பிறகு நின்றபடியே தாளைத் திருப்பினேன். முதல் வரியில் உன் முழுப் பெயர். அதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அடுத்து வயது, ரத்த வகை. அதற்கு அடுத்த வரி அச்சில் இருந்தது: 'அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்.' பக்கத்தில் உன் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். அங்கே இருந்தது என் பெயர். என்னிடம் போன் கிடையாது அல்லவா, போன் நம்பர் எழுதும் இடத்தில் 'இஸ்திரி வண்டி, வேப்பமரத்துக்குக் கீழே' என்று எழுதியிருந்தாய். அவர்கள் அங்கே எப்படிப் போன் செய்வார்கள்? நீ நெஞ்சைத் தட்டிக் காட்டியதற்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. என்னைத்தான் தட்டிக் காட்டியிருக்கிறாய். கோபம் கரைந்துவிட்டது. அவசரத்துக்கு என்னைக் கூப்பிட வேண்டும் என்று எழுதியிருந்த ஒரே தாளை யார் கண்ணிலும் படாமல் கம்பளிக்கு அடியில் வைத்திருந்தவன் நான்தானே.

கடைசி வரிதான் புரியவில்லை. 'உறவு' என்று அச்சில் இருந்தது. எதிரில் நீ எழுதியிருந்தது அதே இரண்டெழுத்து: பாய். முதலில் எனக்குக் கோரைப்பாய் படம்தான் கண்ணில் வந்தது. பிறகு, நான் உன்னைக் கூப்பிடும் பெயரை அவசரத்தில் அந்த இடத்தில் எழுதிவிட்டாய் என்று நினைத்தேன். மூன்று நாள் யோசித்தேன். நீ காட்டாதே என்று சொன்னதால் தாளைக் காட்டவில்லை. வார்த்தையை மட்டும் தையல்கார பாயிடம் கேட்டேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அட இன்னா கன்னியப்பா, நாப்பது வருசமா என்ன அப்டித்தான கூப்புட்டுக்கினு கீற? அர்த்தம் தெரியாமலேவா? பாய்னா கூடப்பொறந்தவம்பா."

எனக்கு அது தெரியாது பாய். முஸ்லிம்களைக் கூப்பிடும் ஒரு வார்த்தை என்றுதான் நினைத்திருந்தேன். அவரையும் உன்னையும் தினம் பத்து முறை என்ன சொல்லிக் கூப்பிடுகிறேன் என்று தெரியாமலே கூப்பிட்டிருக்கிறேன். உனக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. ரிட்டயர் ஆன பிறகும் நான் அப்படிக் கூப்பிட்டபோது ஏன் நீ ஒரு முறையும் திருத்தவில்லை என்பதும் இப்போது தெரிகிறது.

போன வாரம் உன் வார்டைப் போய்ப் பார்த்தேன். மடக்குக் கட்டில்கள் வந்துவிட்டன. எல்லாக் குழந்தைக்கும் பக்கத்தில் ஒன்று. ஒரு அம்மா கட்டில் மேல் தன் பாயை விரித்துப் படுத்திருந்தாள். ஏனம்மா என்றேன். ரெக்ஸின் சில்லென்று இருக்கிறது, அது மட்டுமில்லாமல் பாய் இல்லாமல் தூக்கம் வராது என்றாள். இதைக் கேட்டால் நீ எப்படிச் சிரிப்பாய் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

இந்த வருடம் அதே ஆஸ்பத்திரிக்காக ஐந்து கிலோமீட்டர் ஓட்டமும் உண்டாம். பெயர் கொடுத்திருக்கிறேன். காலையில் கடற்கரையில் ஓடிப் பழகுகிறேன். மூச்சு கீதா என்று கேட்க ஆள் இல்லாததால் நானே கேட்டுக்கொள்கிறேன். எனக்கும் ஒரு தாள் தருவார்கள், பின்பக்கம் எழுத வேண்டும். யாரை எழுதுவது என்று தையல்கார பாயிடம் புலம்பினேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்.

"என் பேர எழுது. உறவுன்ற எடத்துல இன்னா போடணும்னு ஒனக்குத்தான் இப்ப தெரியுமே."

இன்னொன்று. நீ என் பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறாய் பாய். எனக்கு ரெண்டு சுழி 'ன', நீ மூணு சுழி 'ண' போட்டிருக்கிறாய். உன் பிழையை நான் கண்டுபிடித்தேன் என்பதில் அன்றைக்கு முழுக்க எனக்கு நிலைகொள்ளவில்லை. டீச்சரிடம் பொதுவாகக் கேட்டேன். மூணு சுழி போட்டால் கண்ணியம் என்று ஆகும், மரியாதை என்று அர்த்தம், ஆனால் உங்கள் ரேஷன் கார்டில் இருப்பதுதான் சரி என்றார். ரேஷன் கார்டுக்கு அப்படியே எழுதிக்கொள்கிறேன். உனக்கு எழுதும்போது மட்டும் நீ எழுதியபடி.

வேப்பமரத்துக்குக் கீழே,
கண்ணியப்பன்
உறவு: பாய்