ஊசியை யார் குத்துவது

ஜூன் 3, திங்கள்

விடியும்போதே மழை. குவீன்ஸ்டவுன் டயாலிசிஸ் நிலையத்துக்குள் நுழையும்போது செருப்பெல்லாம் சொதசொத. நான்கு மணி நேரம் அதே நாற்காலி. வலது காலில் தசைப்பிடிப்பு. வாரம் மூன்று நாள் இப்படியே போனால் சாங்கி விமான நிலையக் கார்கோ வேலை நிலைக்காது. மேனேஜர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் பெருமூச்சு.

வீட்டிலேயே செய்துகொள்ள மெஷின் உண்டாம், இரண்டு வகை. டாக்டர் சொல்லி வாய் மூடவில்லை, என் வீட்டுக்காரர் சேவியர் போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டார்.

ஜூன் 5, புதன்

ஃபிரிட்ஜ் வாங்குவதுபோலச் சேவியரின் அலசல். பெரிய மெஷின்: தண்ணீரைச் சுத்தப்படுத்தத் தனிப் பெட்டி, குழாய் வேலை, சுவரில் துளை. சின்னது: குழாய் வேண்டாம். ஆனால் மருந்துத் திரவம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். தடவைக்கு நேரம் குறைவு, வாரத்தில் நாள் அதிகம்.

தேக்கா சந்தை மீன்கடையில் வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் என் கிட்னியைப் பற்றி யோசனை கேட்டாராம். இனி அந்தப் பக்கம் எப்படித் தலைகாட்டுவது?

"பெருசுதான் நல்லது, ஜெனி."

"ஊசி ஏறப்போறது என் கைல. என்னைக் கேட்டீங்களா?"

"உனக்காகத்தானே லா பாக்குறேன்."

பாத்திரம் தேய்த்தேன், சத்தமாக.

ஜூன் 8, சனி

வெக்கை. நாத்தனார் ரோஸி வந்தாள், கையில் இளநீர். அதிலுள்ள பொட்டாசியம் எனக்கு ஆகாது என்று எத்தனை தடவை சொல்வது!

"இயற்கையானதுதானே அண்ணி, ஒண்ணும் ஆகாது."

அவளையே குடிக்கச் சொன்னேன். குடித்தாள்.

ஜூன் 13, வியாழன்

நர்ஸ் கலா இரண்டு மெஷினையும் ஓட்டிக் காட்டினார். அவர் விளக்கும் முன்பே சேவியர் விளக்கினார். எனக்குத் தலைவலி. பிறகு ரப்பர் கையில் ஊசியைக் குத்திக் காட்டிவிட்டு நர்ஸ் கேட்டார்: "வீட்ல யாரு குத்தப் போறீங்க?"

சேவியர் முகம் வெளுத்து, நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

"என்னால முடியாது, ஜெனி. படிச்சா தைரியம் வந்துரும்னு நெனச்சேன். உன் கையில குத்தணும்னு நெனச்சாலே..."

அழுகை. நர்ஸ் இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. இத்தனை நாள் மெஷினைப் பற்றி ஓயாமல் பேசியது இதைப் பேசாமல் இருக்கத்தான். முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம், மனிதர்.

நானே குத்திக்கொள்ளலாமா என்று கேட்டேன். பழகினால் முடியும் என்றார் நர்ஸ்.

ஜூன் 19, புதன்

நிலையத்தில் முதல் முயற்சி. நர்ஸ் பக்கத்தில், சேவியர் கதவுக்கு வெளியே. தவறிவிட்டது. கை வீங்கி, ஐஸ் வைத்து, கண்ணில் நீர். விட்டுவிடலாமா என்று நர்ஸ் கேட்டார். இன்னொரு ஊசி கேட்டேன். கொஞ்சம் மேலே, மெதுவாக. குழாயில் ரத்தம் ஏறியது!

"என்னங்க, உள்ள வாங்க!"

வந்தார், தரையைப் பார்த்தபடி.

"சின்ன மெஷின்தான். பெட்டி தூக்குறது உங்க வேலை."

"இல்ல ஜெனி, பெருசுல என்னன்னா..."

"வாயை மூடுங்க. இந்த பிளாஸ்டரைப் பிடிங்க, ஊசிமேல ஒட்டணும்."

பிடித்தார். இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை.