பருத்தித்துறைக் கடலும் பாடப்புத்தகப் பிள்ளையும்

ஜனவரி 15, 1959. வியாழன்.

மழை விட்டுவிட்டது, வாடைக்காற்று விடவில்லை. கொடிகாமத்திலிருந்து பஸ்ஸில் வந்து சேரப் பின்னேரமாகிவிட்டது. முழு வழியும் நின்றபடி. கையில் அம்மா கட்டித் தந்த பொங்கல் பலகாரம். அதை இந்த வீட்டில் நீட்டக் கூச்சமாக இருந்தது. இந்த முறை இங்கே பொங்கவில்லை.

நான் அறை எடுத்திருக்கும் வீடு செல்லத்துரை அண்ணையுடையது. மார்கழிப் புயலன்று கடலுக்குப் போனவர். இரண்டாம் நாள் உடைந்த வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. அவர் மனைவி கமலம் அக்கா இன்னமும் குங்குமம் வைக்கிறார். யாரும் அதைப்பற்றிக் கேட்பதில்லை. நானும்.

பலகாரத்தை மகள் தவமணியிடம் கொடுத்தேன். ஒன்பது வயது. ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மூடி வைத்தாள்.

வாங்க: நீல மை, மண்ணெண்ணெய், தலையிடித் தைலம்.

ஜனவரி 19. திங்கள்.

பள்ளிக்கூடம் தொடங்கியது. மேல்வகுப்புக்கு ஆங்கில ரொமான்டிக் கவிதைகள். யாருக்கும் வேண்டாத பாடம், ஆகவே என் தலையில். பள்ளிக்கூட அதிபர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முழுக்க மலையும் அருவியுமாக் கிடக்கு. எங்கடை பெடியளுக்கு மலையை எங்கை கொண்டுபோய்க் காட்டுறது?" என்றார். கடல் இருக்கிறதே என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பின்னேரம் அறையில் ஆயத்தம். கவிஞர்கள் பலர், கதை ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பிள்ளை தனியே வெளியே போகிறது. காற்று, இருட்டு, பெரிய தண்ணீர், ஏதோ ஒன்று அதை நடுங்க வைக்கிறது. அந்த நடுக்கமே பிறகு அதற்குச் சொத்து. வளர்ந்தபின் அதை நினைத்து நினைத்து எழுதுகிறது. எனக்கு இது பிடிக்கும், பொய் சொல்வானேன். கல்லூரியில் படித்தபோது கண்ணீர்கூட விட்டிருக்கிறேன்.

தவமணி வாசலில் நின்று, "என்ன ரீச்சர் படிக்கிறியள்?" என்றாள்.

"கடலும் மலையும் சின்னப்பிள்ளையளோடை கதைக்குமாம். பெரியாக்களுக்குக் கேளாதாம்."

திரும்பிப் போய்விட்டாள். எனக்கு ஏன் இந்த வாய்.

ஜனவரி 21. புதன்.

தலையிடி. தைலம் வாங்க மறந்தாச்சு.

முதல் பாடம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உடுப்பிட்டியிலிருந்து சைக்கிளில் வருகிறவன் ஒருவன் எழும்பி, "ரீச்சர், உந்தப் பிள்ளையைத் தேடி வீட்டிலையிருந்து ஒருத்தரும் வரமாட்டினமோ?" என்றான். வகுப்பு சிரித்தது. கவிதையில் இல்லாததைக் கேட்காதே என்று இருத்திவிட்டேன். திரும்பி நடக்கையில் கோபம், அவன்மேல் இல்லை. அவன் கேட்டது சரி. அந்தப் பிள்ளைகள் எல்லாருமே தனிப்பிள்ளைகள். சாப்பிடக் கூப்பிட ஒரு குரல் இல்லை.

வரும் வழியில் தவமணியைக் கண்டேன். பள்ளிக்கூடச் சட்டையோடு கரையில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டேன், வரவில்லை. நேற்றும் இப்படித்தான் இருந்தாள் என்று கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள்.

ஜனவரி 23. வெள்ளி.

செல்லத்துரை அண்ணையின் தமையன் வந்தார். முற்றத்தில் நின்றபடியே கதைத்தார், உள்ளே வரவில்லை. உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பைப்புல்லில் உருச்செய்து, அதை ஆளாக நினைத்து எரித்துக் கிரியை முடிப்பது வழக்கம். அதற்கு நாள் பார்க்கவேண்டும் என்கிறார்.

"எத்தினை நாளைக்கெண்டு அவனை அந்தரத்திலை விடுறது, கமலம்? அவனுக்கும் ஒரு வழி காட்டவேணுமெல்லே."

"பிள்ளை கரையிலை பாத்துக்கொண்டிருக்குது அத்தான். அவள் நம்பிக்கொண்டிருக்கேக்கை நான் எப்பிடிப் புல்லைக் கொளுத்த?"

அவர் தோளிலிருந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். நான் அறைக்குள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் வாசிக்கவில்லை.

ஜனவரி 24. சனி.

நல்ல வெயில். உடுப்புத் தோய்த்தேன். கிணற்றடியில் கமலம் அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வள்ளத்தைக் கண்ட அண்டைக்கே எனக்குத் தெரியும் ரீச்சர். பொட்டை அழிச்சால் பிள்ளை உடைஞ்சுபோம் எண்டுதான் வைச்சுக்கொண்டிருக்கிறன். ஒவ்வொருநாளும் கண்ணாடியைப் பாராமல்தான் வைக்கிறன். நீங்கள் ஒருக்கால் அவளுக்குச் சொல்லுங்கோ. உங்கடை சொல்லெண்டால் கேப்பாள்."

நான் சொன்னதைக் கேட்டுத்தான் கரையில் இருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? ஓம் என்றேன்.

ஜனவரி 25. ஞாயிறு.

பின்னேரம் கரைக்குப் போனேன். காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கிறது. தவமணி பக்கத்தில் இருந்தேன். என்னென்னவோ ஆயத்தம் செய்து போனதெல்லாம் மறந்துபோயிற்று.

"கடல் கதைக்கும் எண்டு அண்டைக்கு நான் சொன்னது புத்தகத்திலை இருக்கிறது, தவம். இந்தக் கடல் ஒண்டும் சொல்லாது. ஐயா வரமாட்டார்."

"தெரியும் ரீச்சர்."

"என்ன தெரியும்?"

"ஐயா செத்துப்போனார். வள்ளத்தின்ரை முன்பக்கம், அணியம், பிளந்துகிடந்தது. நான் தொட்டுப்பாத்தனான்."

"அப்ப ஏன் இஞ்சை வந்து இருக்கிறாய்?"

மணலைக் கிண்டினாள். "வள்ளம் வந்த நாளிலையிருந்து வாறனான். நான் வராமல் விட்டால், ஐயா வரமாட்டார் எண்டு அம்மாவுக்குத் தெரிஞ்சுபோம். அவ பொட்டு வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருக்கிறா. நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ."

வெறும் வாய்ப்பேச்சுக்குக் கடலைப் பிள்ளைக்குக் காட்டிவிட்டவள் நான். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடலையே அவள் பார்க்கவில்லை. இத்தனை நாளும் முதுகுப்பக்கம் இருந்த வீட்டைத்தான் காவல் காத்திருக்கிறாள். என் கவிஞர்கள் ஒருவருக்கும் இந்தப் பிள்ளையைத் தெரியாது. எனக்கும் தெரியாது. வாய்விட்டு அழவேண்டும்போல இருந்தது, அவள் முன்னால் வெட்கமாகவும் இருந்தது.

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். வாசல் படலையில் கமலம் அக்கா. சொல்லியாச்சோ என்று கண்ணால் கேட்கிறார். இந்தப் பக்கம் பிள்ளை என் விரல்களை நெரிக்கிறாள், சொல்லாதே என்று. இரண்டுபேரையும் குசினிக்குள் கொண்டுபோய்ப் பலகையில் எதிரெதிரே இருத்தினேன்.

"அக்கா, அவளுக்குத் தெரியும். தவம், அம்மாவுக்குத் தெரியும். முதலே தெரியும், ரெண்டுபேருக்கும்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கமலம் அக்கா மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். புயலுக்குப் பிறகு இந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்பது இன்றுதான். அக்கம்பக்கத்துச் சனம் வேலிக்கு வந்துவிட்டது. நான் அடுப்பில் தண்ணீர் தெளித்து நூர்த்துவிட்டு வெளியே வந்தேன்.

செல்லத்துரை அண்ணையின் தமையனாருக்கு ஆள் அனுப்பவேண்டும், நாள் பார்க்கச் சொல்லி.