கங்கம்மா வேஷத்துக்கு நீ எழுதின வரி

ஏம்மா ஹரிதா, நல்லா கீறியாம்மா? போபால்ல குளிர் விட்டுச்சா, வேளைக்குத் துன்றியா? இங்க நானும் மாடும் நல்லாத்தான் கீறோம். எனக்கு எழுத வராதுன்னு நம்ம கமலம்மா மருமவ சுஷ்மிதா நான் சொல்லச் சொல்ல எழுதிக்கினு கீது.

திருப்பதி கங்கம்மா ஜாத்திரைல நான் வேஷம் கட்டின போட்டோவை உன் மியூசியத்துல மாட்டறோம்னு சொல்லி, அதுக்குக் கீழ வைக்கிற வரியை போன்ல படிச்சியே, பக்தர்கள் அம்மனைப் போற்றிப் பாடிச் செல்கின்றனர்னு. யாரும்மா போற்றினாங்க? உடம்பெல்லாம் கரி பூசிக்கினு, வேப்பிலை கட்டிக்கினு, வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டிக்கினுதானே போவோம். அந்த போட்டோ எடுத்த வருசம் திரும்பி வரப்போ, என்கூட வேஷம் கட்டின நம்ம தெரு பாலையா மேல இருந்த கரியெல்லாம் சித்தூர் பஸ் கண்டக்டர் சட்டையில ஒட்டிக்கிச்சு, அவன் திட்டினது அம்மனுக்குக்கூடக் கிடைச்சிருக்காது. சரி, அது வேற கதை. ஸ்கூல் புள்ளைங்க வர்ற இடம், மரியாதையா இருக்கணும்னு உங்க ஆபீசர் சொன்னாருன்னியே, கெட்ட வார்த்தையை எழுத வேணாம். ஆனா திட்டுவாங்கன்னு எழுது, ஏன்னும் எழுது. புள்ளைங்களுக்குப் புரியும், ஆத்தாகிட்ட சண்டை போடாத புள்ள எது? அவ நம்மவன்னாதான் திட்ட வாய் வரும். பெரிய பெரிய வார்த்தையா போட்டு அவளைத் தூரத்துல உக்கார வெச்சுடாதே.

உங்கம்மா போனதுலருந்து என்னைத் திட்ட ஆளில்லம்மா. ஊரே பாத்துப் பாத்துப் பேசுது. கமலம்மா குழம்பு கொடுத்தா, அண்ணா உப்பு சரியா கீதான்னு கேக்குது, முன்னெல்லாம் துன்னுட்டு பாத்திரத்தைக் கழுவிக் குடுன்னு சொல்லும். நேத்து நான் மாத்திரை போடலைன்னு உங்கிட்ட வேணும்னேதான் சொன்னேன், நீ கத்துவியேன்னு. நீ, பரவால்ல நைனா, நாளைக்குப் போட்டுக்கோங்கன்னுட்டு வெச்சிட்டே. விளக்கு வெக்கிற வரைக்கும் போனைப் பாத்துக்கினு உக்காந்திருந்தேன்.

கங்கம்மா உன்னைக் கண்ணுக்குள்ள வெச்சுக் காப்பாத்துவா. ராத்திரி வெறும் வயித்துல படுக்காதே. ஜாத்திரைக்கு லீவு கேட்டுப் பாரு.

உன் நைனா,
முனிரத்தினம்

இன்னொன்னும் எழுது சுஷ்மிதா. லீவு கிடைக்கலைன்னா ஞாயித்துக்கிழமை போன் பண்ணி, ஏன் நைனா மாத்திரை போடலைன்னு ஒரு தடவை நல்லா, இருடா பாலையா, வர்றேன், மாடு கயித்தை அறுத்துக்கினா எங்க போயிடும், நான் என் பொண்ணுகிட்டப் பேசிக்கினு