கையில் வாடை இல்லை, அக்கா

அக்கா, நேற்று பச்சைக்குழந்தைகள் வார்டுக்கு வெளியே ஒருத்தி தரையைத் துடைத்துக்கொண்டு போனாள். வாளியிலிருந்து அமோனியா நெடி மூக்கில் ஏறியது. உள்ளே என் மகளுக்குப் பிறந்த பையன் நீலம் பாரித்துக் கிடந்தான். எனக்கு உன் கைகள் ஞாபகம் வந்தன.

எண்பதுகளில் கலும்பாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பால் உறையாமலிருக்க அமோனியா கலக்கும் ஸ்டோரில் நீ வேலை செய்தாய். வயிற்றுப்பிள்ளையோடும் போனாய். வேறு வேலை கேட்டதற்கு, கங்காணி வேலை பார்த்த மண்டோர், "ஒக்காந்து சாப்புடவா தோட்டத்துக்கு வந்த?" என்றான். பிள்ளை பிறந்தபோது பனிக்குட நீர் பச்சையாக இருந்தது. அவன் உதடும் நகமும் நீலம். தோட்டத்து லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆக்ஸிஜன் கொடுத்தார்கள், அதற்குமேல் அவர்களிடம் ஒன்றும் இல்லை. மறுநாள் போய்விட்டான்.

புதைத்த மண் காயவில்லை, உன் மாமியார் தொழிலாளர் வீடுகளான லயத்து வாசலில் நின்று கத்தினாள்: "ஸ்டோருல அந்த கேஸ மோந்து மோந்து எம் பேரன கொன்னுட்டா!" உன் புருஷன், அத்தான், பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உன் ஸ்டோர்ச் சம்பளத்தில் தின்ற குடும்பம்தானே அது! லயமே அந்தப் பேச்சை நம்பியது. நீயும் நம்பினாய் பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த வேலையை விட்டு வருஷக்கணக்கான பிறகும் நீ எந்த வீட்டுப் பிள்ளையையும் தூக்கியதில்லை. என் மகளுக்குப் பேர் வைத்த அன்று, "தூக்குக்கா" என்று நீட்டினேன். எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவிய கையை முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்னால் கட்டிக்கொண்டாய். "வேணாம்டி, இன்னும் வாடை இருக்கு." ஒரு வாடையும் இல்லை. தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்டாயா?

இங்கே டாக்டர் பெண் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். "வயித்துக்குள்ள இருக்கறப்ப நுரையீரலுக்கு ரத்தம் கொஞ்சமாத்தான் போகும் ஆன்ட்டி. பொறந்து மூச்சு விட்டதும் ரத்தக்குழாய் விரியணும். இவன் வயித்துக்குள்ளயே மலம் போயி தண்ணி பச்சையாயிருச்சு, அத உள்ள இழுத்துட்டான், அதான் விரியல. இந்த கேஸ் மூச்சோட போயி விரிச்சுவிடும்." நைட்ரிக் ஆக்சைடாம். அந்தக் காலத்தில் இந்த வைத்தியம் எங்குமே இல்லையாம்.

உன் கதையைச் சொல்லி, அமோனியாவாலா என்று கேட்டேன். "தண்ணி பச்சையா இருந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்களே ஆன்ட்டி. அதுதான் காரணமா இருக்கும். பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க?"

சாயங்காலம் அத்தான் போன் செய்தார். என் மகள் ரவாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாளே, முதல் கேள்வியே அதுதான்: "பேக்டரில எதையாச்சும் மோந்துட்டாளா?"

"எங்கக்காவ பழி போட்டே கொன்னது பத்தலையா ஒங்களுக்கு? எம் மகளப் பத்தி இன்னொரு வார்த்த பேசுனா நடக்கறதே வேற!" வராந்தாவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

இன்று பையன் உதட்டில் சிவப்பு ஏறியிருக்கிறது. நர்ஸ் மிஸி என்னைக் கை கழுவச் சொல்லி உள்ளே விட்டாள். கழுவிய கையை உன்னைப் போலவே முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாடைதான். விரலை நீட்டினேன், லேசாகப் பிடித்துக்கொண்டான்.

நீ கொல்லவில்லை, அக்கா. சாகும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டே இருந்துவிட்டாய். இந்தக் கோபம் எனக்கு ஆறாது. ஆறவும் வேண்டாம்.