உன் அணிக்கு எட்டாவது இடம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை குட்டி மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருக்கிறேன் என்று சொல்வாய், அதை நம்ப முடியவில்லை என்பதால்தான் இந்தக் கடிதம். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அனுப்பும் செய்தியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுத்துத்தான் ஆக வேண்டும், எடுத்தால் கண் நாலு வரி மேயும், அந்த நப்பாசையில் குட்டியைத் தூங்கப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

குட்டிக்கு நாலு வயசு முடிவதற்குள் உன் பழைய கூடைப்பந்து இடுப்பில் ஏறிவிட்டது. நடைபாதையில் தட்டிக்கொண்டே இருக்கிறாள், கீழ் வீட்டு அக்கா துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிறார். பெரியவ போனப்புறம் தலைவலி விட்டுச்சுன்னு நெனச்சேன், அதுக்குள்ள சின்னவளைத் தயார் பண்ணிட்டீங்களேன்னு மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார். அப்பாவுக்கு வேலை நிறைய. ஏதாவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றபடியே இருக்கிறது. சரிபண்ணிவிட்டு ஏறி இறங்கிப் பார்க்கும்போது கூட வருகிறவரிடமெல்லாம் இந்த வருஷக் கோப்பை எம் பொண்ணு டீமுக்குத்தான் என்று சொல்கிறாராம். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட மனுஷன் என்ன செய்வார், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போகிறார். என்னோடு மட்டும் அப்பாவுக்குப் பேச்சில்லை. சாப்பாடு வேணுமா என்றால் வை என்கிறார், அவ்வளவுதான். எதனால் என்று உனக்கே தெரியும்.

நீ அப்பாவிடம் சொன்னதை அப்பா ஒரு சொல் குறையாமல் என்னிடம் சொல்லிவிட்டார். ரேடியோவில் தன் பேர் நிலைக்கணும்னு அம்மா என்னை வித்துட்டா என்றாயாமே. எந்தப் பேர் கண்ணு? அந்த ‘ரசிகர் நேரம்’ நிகழ்ச்சியில் சீசனுக்கு முன்னால் எட்டு அணிகளையும் வரிசைப்படுத்திச் சொல்கிறவர்களில் யாருடையது சரியாக வருகிறதோ அவருக்கு ஒரு குடை தருகிறார்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற குடைகளை வைக்க இடமில்லை. குடைக்காகப் பெற்ற பெண்ணை விற்றவள் என்று எழுதி வாசலில் மாட்டிவிடட்டுமா?

நடந்தது என்ன என்று நீ அப்பாவிடம் கேட்டாய், ரேடியோவில் கேட்ட உன் கோச்சிடம் கேட்டாய், என்னிடம் கேட்கவில்லை. நான் சொல்கிறேன், கேள். உங்களுடைய பயிற்சி ஆட்டம் இரண்டையும் டிவியில் பார்த்தேன். முதல் ஆட்டத்திலேயே கவனித்துவிட்டேன். இடது பக்கத்திலிருந்து கூடைக்குப் போகிறாய், வலது காலில் எம்ப வேண்டிய இடம், நீ ஓர் அடி தடுமாறி இடது காலிலேயே எம்பினாய். இறங்கியதும் இடது காலில். அறிவிப்பாளர் புதுவிதமான ஆட்டம் என்று பாராட்டினார், அவருக்கென்ன தெரியும். இரண்டாவது ஆட்டத்தில் டைம் அவுட் எடுத்தபோது எல்லோரும் உட்கார்ந்தார்கள், நீ மட்டும் நின்றுகொண்டே தண்ணீர் குடித்தாய். உட்கார்ந்தால் முட்டி இறுகிப்போய் எழுந்திருக்க முடியாது என்பதற்காக நின்றாய். அன்றைக்கே போன் பண்ணிக் கேட்டேன். ஷூ புதுசும்மா, கடிக்குது என்றாய். மறுபடி கேட்டதற்கு, கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாரும்மா என்றாய். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கண்ணாடி மாட்டி அனுப்புகிற கடையில் வேலை பார்க்கிறவளிடம் சொல்கிற பேச்சா அது.

அதற்குப் பிறகுதான் ரேடியோ. வழக்கம்போலக் கீழிருந்து ஆரம்பித்தேன். மேலே யார் வருவார் என்று எவரும் சொல்லிவிடலாம், அடியில் யார் என்று சொல்லத்தான் ஆட்டம் தெரிய வேண்டும் என்பது நாம் இரண்டு பேரும் சேர்ந்து வைத்துக்கொண்ட முறை. எட்டாவது எஃகு ஆலை அணி என்றேன். ரேடியோக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என்னம்மா, அது உங்க பொண்ணு டீம் ஆச்சே, வீட்ல சண்டையா என்றார். சண்டை இல்லை, பந்தைக் கொண்டுபோகிற அவர்களுடைய கார்ட், அதான் என் பொண்ணு, வலது காலில் எம்பவில்லை, அவளுக்கு ஈடான மாற்று ஆளும் இல்லை என்றேன். வாயிலிருந்து வந்தபிறகுதான் எனக்கே உறைத்தது. ஆனால் யோசித்துச் சொல்லியிருந்தாலும் வேறு என்ன சொல்லியிருப்பேன்? பிடிக்கும்னு ஒரு டீமை மேல போடக்கூடாது என்று பத்து வயசில் அப்பாவிடம் சண்டை போட்டவள் நீதானே, அவர் நம்ம ஊர் அணியை முதலில் போட்டார் என்பதற்காக இரண்டு நாள் அவர் பக்கத்தில் உட்காரவில்லையே. இன்றைக்கு அதே அப்பா உனக்கு நல்லவர், நான் துரோகி.

உங்கள் கோச் மறுநாளே கூப்பிட்டு முட்டியை ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டாராம், முதல் ஐந்து பேரில் உன் இடத்தில் உனக்கு அடுத்தபடியாக இருக்கிற அந்த இரண்டாவது கார்டைப் போட்டுவிட்டாராம். நன்றிம்மா, இனிமே என் ஆட்டத்தைப் பார்க்காதே என்று நீ எனக்கு அனுப்பியதோடு சரி. ஸ்கேனுக்குப் போக மாட்டேன், வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு ஆடுகிறேன் என்று கோச்சிடம் கெஞ்சுகிறாய் என்று அப்பா மூலம் தெரிந்துகொண்டேன். கோச்சும் யோசிக்கிறாராம். யோசிப்பார், அவர் முட்டியா போகப் போகிறது. போன சீசனில் உங்கள் அணியில் சென்டராக ஆடிய அந்த உயரமான பெண்ணுக்கு என்ன ஆனது என்று நீதான் சொன்னாய். கணுக்கால் வீங்கியிருந்தபோதே ஊசி போட்டு இறக்கினார்கள், இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் படி இறங்குகிறாள், கோச் ஒரு நாள் எட்டிப்பார்க்கலைம்மா என்று அழுதாய். அந்தப் பெண்ணுக்கும் ஓர் அம்மா இருப்பாள் அல்லவா, அவள் ரேடியோவில் பேசாதவளாக இருந்திருப்பாள்.

எட்டாவது இடத்தைக் கேட்டதுமே நீ மிச்சத்தைக் கேட்காமல் இருந்துவிட்டாய், அதனால் மற்ற ஏழு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏழாவது நம்ம ஊர் அணி. அப்பாவின் கோபத்துக்கு இதுவும் ஒரு காரணம். ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது இவர்கள் பந்தை ஒருவருக்கொருவர் தள்ளிவிடுவதைப் பார்த்தால் யார் வீட்டு விருந்தாளியை யார் கவனிப்பது என்று சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது. ஆறு, பால் நிறுவனம். பிள்ளைகள் எல்லோரும் சின்னவர்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம். ஐந்து, காப்பீட்டு நிறுவனம், தூரத்திலிருந்து போடுவார்கள், விழுகிற நாளில் யாரையும் ஜெயிப்பார்கள், விழாத நாளில் குட்டியிடம்கூடத் தோற்பார்கள். வங்கி அணிக்கு நாலு, விமான நிலையத்துக்கு மூன்று. இரண்டாவது சிமெண்ட் ஆலை, அவர்களிடம் இருக்கிற ஒழுங்கு எனக்குப் பிடிக்கும், பிடிக்கும் என்பதற்காக முதலில் போடவில்லை. முதலாவது துறைமுக அணி. அவர்களுடைய சென்டர் கூடையில் பட்டுத் தெறிக்கிற ரீபவுண்டுக்கு எழும்பினால் கூட நிற்கிறவர்கள் மேலெல்லாம் விழுந்துதான் இறங்குவாள். சீசனில் உங்கள் முதல் ஆட்டமே அவர்களோடு. அந்த முட்டியை வைத்துக்கொண்டு அவளுக்குக் கீழே போய் நிற்கத்தான் கெஞ்சிக்கொண்டிருக்கிறாயா?

உன் மாமா வந்திருந்தான். அக்கா, பெத்த பொண்ணு டீமையே அடியில போட்ட ஒரே ஆளு உலகத்துலேயே நீதான், உன்னை மியூசியத்துல வெக்கணும் என்றான். அவனுக்கும் புரியவில்லை, உனக்கும் புரியவில்லை. எங்கள் கடை முதலாளிக்குத்தான் புரிந்தது, லென்ஸைத் துடைத்துக்கொண்டே, அப்ப உங்க பொண்ணு நல்லா இருந்தா அந்த டீமை எங்க போடுவீங்க என்று கேட்டார். மூன்றில் என்றேன். நிஜம்தான். விமான நிலையத்தை உன்னால் தாண்ட முடியும், உன் இடத்தில் போட்டிருக்கிற அந்த இரண்டாவது கார்ட் பந்தைக் கொண்டுபோகும்போது தலையைத் தூக்குவதே இல்லை, நீ தூக்குகிறாய். மூன்றாவது இடத்துக்கும் எட்டாவது இடத்துக்கும் நடுவில் இருப்பது நீ ஒருத்திதான். அதைத்தான் நான் ரேடியோவில் சொன்னேன், நீ காதில் வாங்கியது வேறு.

இப்படியெல்லாம் சொல்லி உன்னைக் குளிர்விக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே, எனக்கும் ஆறவில்லை. நீ என்னிடம் பொய் சொன்னாய். வலிக்குதும்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் எந்த ரேடியோவுக்கும் போன் பண்ணியிருக்க மாட்டேன். ஊராரோடு சேர்ந்து டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்கிற அம்மாவாக என்னை ஆக்கினாய், நானும் ஊராரிடமே சொல்லிவிட்டேன். நான் உன் வயசில் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கல்லூரிப் பரீட்சை எழுதியவள், பார்க்கிறவர்கள் அக்கா தங்கை என்பார்கள், அதனால் எல்லாவற்றையும் பேசிக்கொள்கிறோம் என்று மிதப்பாக இருந்தேன். இருக்கட்டும். என்னோடு பேசாமல் இருப்பது உன் இஷ்டம், என்னை எவ்வளவு நாள் வேண்டுமானாலும் திட்டு. எனக்கு வேண்டியது ஒன்றுதான். வியாழக்கிழமை ஸ்கேனுக்குப் போ. அங்கே டாக்டர் அழுத்திப் பார்த்து வலிக்கிறதா என்று கேட்கும்போது ஷூ கதை சொல்லாதே, வலித்தால் வலிக்கிறது என்று சொல். கோச் பக்கத்தில் நின்றாலும் சொல். இந்த சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்தால் உட்கார். அடுத்த வருஷம் உனக்கு இருபத்தொன்று, காலும் உன்னோடுதான் இருக்கும்.

படி ஏறும்போது அவசரப்படாதே. ஈரத்துண்டோடு தூங்கிவிடாதே. குட்டி உனக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள், காகிதத்தில் எச்சில் படாமல் எப்படிக் கொடுப்பது என்று அவளே கேட்டுவிட்டு அவளே விட்டுவிட்டாள். நீ நீண்ட நாள் நன்றாக இரு. இரண்டு காலிலும் சமமாக நின்று வயசாகு. ஆட்டத்தைப் பார்க்காதே என்றாய், ஒன்று விடாமல் பார்ப்பேன், பெஞ்சில் நீ உட்கார்ந்திருக்கிறாயா என்று பார்ப்பேன். இந்த வருஷம் உன் அணி எல்லா ஆட்டத்திலும் தோற்று கடைசியில் வரட்டும். இதுதான் என் ஆசீர்வாதம், வேறு எதுவும் இப்போது என் வாயில் வரவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா